நோயாளி தாமே கேட்டால்

நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர்கூட 'வேண்டும்' என்று சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆவுடைச்செல்விக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் மருத்துவர் அல்லர்; அரசின் மொழிச் சரிபார்ப்பு அலுவலர். எந்த அறிக்கையும் மேலிடத்துக்குப் போகுமுன் அதன் தமிழ்ப் படி அவருடைய கையொப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வல்லெழுத்து மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறதா, எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகின்றனவா, ஆங்கிலப் படியில் உள்ளதுதான் தமிழ்ப் படியிலும் உள்ளதா என்று பார்ப்பது அவர் வேலை. முப்பத்தோர் ஆண்டுகளாகப் பார்க்கிறார். அலுவலகத்தில் அவருக்கு 'ஒற்றம்மா' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. புணர்ச்சி சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்.

இம்முறை வந்தது தூத்துக்குடிப் புறவழிச்சாலையில் உள்ள 'புதுவாசல்' இளையோர் மீட்பு நிலையத்தின் அறிக்கை. போதை மாத்திரைக்கு அடிமையான பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நிலையம் அது. 'சிகிச்சையின் வெற்றி 98.3 விழுக்காடு' என்று முதல் வரியே மார்தட்டியது. பேச்சும் ஆலோசனையுமாக மாதக்கணக்கில் இழுக்கும் பழைய முறையில், தேறிய பிள்ளைகளில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் திரும்பவும் மாத்திரையிடம் போய்விடுகிறார்கள் என்று இரண்டாம் வரி குறைபட்டுக்கொண்டது. அறிக்கை ஏற்கப்பட்டால் எல்லா மாவட்டங்களிலும் ஒரு புதுவாசல் திறக்கும்.

சிகிச்சை எளிது. அரிசியளவுத் துகள் ஒன்றைக் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்துத் தைப்பார்கள். அதற்குத் தணிப்பி என்று பெயர். முதல் முப்பது நாள் அது உற்றுக்கேட்பதோடு சரி. பிள்ளை தன் ஆசையைச் சொல்லும்போது மூளையில் எந்த மூலை ஒளிர்கிறது என்று குறித்துக்கொள்ளும். முப்பத்தோராம் நாளிலிருந்து அந்த மூலை ஒளிரும்போதெல்லாம் அதை அணைத்துவிடும். வலி இல்லை, மயக்கமும் இல்லை. நூற்றெண்பதாம் நாள் துகள் எலும்போடு ஒன்றிவிடும். அதன்பின் எடுக்க முடியாது. எடுக்கத் தேவையும் இராது என்றது அறிக்கை.

ஒவ்வொரு பிள்ளையோடும் நாள்தோறும் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்த உரையாடல்கள் பின்னிணைப்பாக வந்திருந்தன. ஒருவரும் படிக்கப்போவதில்லை என்ற துணிச்சலில் அனுப்பியிருந்தார்கள். ஆவுடைச்செல்வி படித்தார். முப்பதாம் நாள்வரை பக்கத்துக்குப் பக்கம் 'ணும்' இரைந்தது: சாப்பிடணும், தூங்கணும், வீட்டுக்குப் போகணும், உங்களையெல்லாம் கொல்லணும். முப்பத்தோராம் நாளிலிருந்து ஒரு 'ணும்' இல்லை. கதிர் அறுத்த வயல்போல அத்தனை பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

தட்டச்சுப் பிழையோ என்றுதான் முதலில் நினைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில் ஒரே பிழை வராது. வெள்ளிக்கிழமை காலை தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினார்.

நிலையத்தின் வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. குதிகால் சுவரைத் தொட, இடம் வலம் மாறாமல், நூல் பிடித்தாற்போல் இருந்தன. ஒழுங்கென்றால் உயிரைக் கொடுக்கும் ஆவுடைச்செல்விக்கு அதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. உள்ளே காலை உணவுக்கு நின்ற வரிசையிலும் தள்ளுமுள்ளு இல்லை. பதின்வயதுப் பிள்ளைகள் அறுபது பேர் கூடிய இடத்தில் ஒரு சிரிப்பு இல்லை, ஒரு கிள்ளல் இல்லை. ஒலிபெருக்கி "சாப்பிடுங்க" என்றதும் அறுபது கைகளும் இட்லிக்கு நீண்டன.

வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளையின் முகத்தில் வெயில் நேராக விழுந்தது. இரண்டடி தள்ளி நிழல் இருந்தது. பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலிலேயே நின்றது. ஆவுடைச்செல்வி அதன் தோளைப் பிடித்து நிழலுக்கு நகர்த்தினார். நகர்ந்தது. நன்றியும் இல்லை, எரிச்சலும் இல்லை.

சற்றுமுன் குளிர்ந்த மனத்தை நினைத்து அவருக்குத் தம்மேலேயே சினம் வந்தது. அந்தச் சினத்தோடுதான் இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

டாக்டர் ஜெபசிங் எழுந்து நின்று வரவேற்றார். ஐம்பது வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். "நீங்களே வருவீங்கன்னு எதிர்பார்க்கல மேடம். எங்கேயாவது 'க்' விட்டுப்போச்சா?" என்றார் சிரித்தபடி.

"'ணும்' விட்டுப்போச்சு டாக்டர்."

"புரியல."

"துகளுக்கு ஆசைன்னா என்னன்னு எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?"

அவர் உற்சாகமாகத் தொடங்கினார். "அதுதான் இதுல அழகே. வெளிநாட்டுல இந்தக் கருவி, பிள்ளைங்க 'ஐ வான்ட்'னு சொல்றப்போ மூளையைப் படிச்சுது. அந்தச் சொல்லுக்கு ஈடா தமிழ்ல எதைக் கேக்கறதுன்னு கம்பெனி எங்ககிட்டக் கேட்டுச்சு. அகராதியில பாத்து 'வேண்டும்'னு கொடுத்தோம். பேச்சுல அது 'வேணும்'னும் வரும், வினையோட ஒட்டி 'ணும்'னும் வரும். ரெண்டையும் சேர்த்தே கொடுத்தோம். விடுபடக் கூடாதுல்ல?"

ஆவுடைச்செல்வி நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். உட்காராவிட்டால் கை ஓங்கிவிடும் போலிருந்தது.

"டாக்டர், இன்னிக்குக் காலையில எழுந்ததிலேருந்து நீங்க எத்தனை 'ணும்' சொல்லியிருப்பீங்க? பல் தேய்க்கணும். கரண்டு பில் கட்டணும். அம்மாவுக்குக் காய்ச்சல், போய்ப் பாக்கணும். இதுல ஆசை எது? நமக்கு ஆசைக்கும் வேணும்தான், தேவைக்கும் வேணும்தான், கடமைக்கும் வேணும்தான். மாத்திரை வேணும்னு சொன்ன அதே வாயாலதான் அந்தப் பிள்ளைங்க படிக்கணும்னும் சொல்லுது, வீட்டுக்குப் போகணும்னும் சொல்லுது. உங்க துகள் அத்தனையையும் ஒரே கணக்குல சேர்த்து அணைச்சிருக்கு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை இது."

ஜெபசிங்கின் சிரிப்பு வற்றியது. ஆயினும் குரல் தளரவில்லை. "நீங்க மொழியைப் பாக்கறீங்க. நான் பிணத்தைப் பாத்தவன். இந்தக் கையில பதினோரு பிள்ளைங்க செத்துருக்கு மேடம். கடைசிப் பையனுக்குப் பதினாலு வயசு. இப்போ ஒண்ணும் சாகல. சாம்பார்ல உப்பு வேணும்னு கேக்காட்டி என்ன குடிமுழுகிப் போச்சு?"

பதினோரு பிள்ளைகள் என்பது அவர் கூட்டிச் சொன்ன எண்ணாகத் தெரியவில்லை. ஆவுடைச்செல்வி கோப்பைத் திறந்தார்.

"ஏழு பேரைத் தோல்வின்னு போட்டிருக்கீங்க. என்ன தோல்வி?"

"அது ஆய்வுக்கூடத் தவறா இருக்கும். வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பினோம். திரும்பி வந்தப்போ சிறுநீர்ல மருந்து இருந்துச்சு. ஆனா தணிப்பியில ஆசை பூஜ்யம். ஆசையே இல்லாம எப்படி மாத்திரை போடுவாங்க? அதான் 'விளக்கமில்லாத நிகழ்வு'ன்னு எழுதினோம்."

'விளக்கமில்லாத' என்ற சொல்லின் கீழ் ஆவுடைச்செல்வி பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோடு தாளைக் கிழித்தது.

அப்போது கதவு திறந்தது. காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, மக்ரூன் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"டாக்டர் ஐயா, நாளையோட நூத்தியெம்பது ஆகுதுல்லா, இன்னைக்கே வந்து கையெழுத்துப் போடச் சொன்னிய. எல்லாருக்கும் இனிப்பு வாங்கியாந்தேன்."

வந்தவள் மாரிக்கனி, பழைய பேருந்து நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே பங்கு ஆட்டோ ஓட்டுகிறவள். பின்னால் நின்றவள் அவள் மகள் இலக்கியா. நூற்றெழுபத்தொன்பதாம் நாள்.

"உட்காருங்கம்மா" என்றார் ஆவுடைச்செல்வி. மாரிக்கனி உட்கார்ந்தாள். இலக்கியா நின்றாள். "நீயும் உட்காரு" என்றதும் உட்கார்ந்தாள்.

"மகள் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா, சாமி புண்ணியத்துல. நான் படிச்சவ இல்ல. ஆனா பட்டவ. போன வருசம் என் ஆட்டோ பேட்டரியக் கழத்தி வித்துட்டா. எங்கட்டின்னு கேக்கப் போனதுக்குக் கடிச்சா பாருங்க, நாய் கடிச்ச மாதிரி." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். பல் பதிந்த தழும்பு அரைவட்டமாக இருந்தது. "ஸ்கூல்ல முத ரேங்க் எடுத்தவ. வாய் கிழியப் பேசுவா. இப்பம் பூனக்குட்டி மாதிரி இருக்கா. பழைய வாய் இல்ல, அது ஒண்ணுதான். போட்டும். உசுரு இருக்குல்லா."

ஆவுடைச்செல்வி தம் கைப்பையைத் திறந்தார். எலும்புத் தேய்மானத்துக்கு அவர் நாள்தோறும் போடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரை அட்டை அதில் இருந்தது. ஒன்றைப் பிரித்து எடுத்தார். அது வெள்ளையாக, வட்டமாக, பெயரில்லாமல் இருந்தது.

"இலக்கியா, இந்தா, போட்டுக்கோ."

இலக்கியா கையை நீட்டினாள், வாங்கினாள், வாயில் போட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. நீங்கள் யார் என்றும் கேட்கவில்லை.

மாரிக்கனி குதித்து எழுந்தாள். "என்னத்தக் குடுத்திய? ஏ அம்மா, என் பிள்ளைக்கு என்னத்தக் குடுத்திய?"

"கால்சியம்மா. ஒண்ணும் செய்யாது. உட்காருங்க." மற்றொன்றைப் பிரித்தார். "இந்தா."

இரண்டாவதும் உள்ளே போயிற்று. மூன்றாவதுக்குக் கை தானாகவே நீண்டு காத்திருந்தது. ஆவுடைச்செல்வி அட்டையைப் பைக்குள் போட்டு மூடினார். நீண்ட கை அப்படியே நின்றது. மாரிக்கனிதான் அந்தக் கையைப் பற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விளக்கம் கிடைச்சுதா டாக்டர்?" ஆவுடைச்செல்வி அவர் பக்கம் திரும்பினார். "'வேண்டாம்'ங்கிறது தனியா முளைச்ச சொல் இல்ல. 'வேண்டும்'ங்கிறதோட எதிர்மறை. ரெண்டுக்கும் வேர் ஒண்ணு. வேரை வெட்டிட்டு, மரம் நல்ல பழத்தை மட்டும் தரும்னு உட்கார்ந்திருக்கீங்க. அந்த ஏழு பேரும் மாத்திரைக்கு ஆசைப்படல. யாரோ நீட்டினான், வாங்கிக்கிட்டாங்க. இவளை நாளைக்கு வெளியில விடறீங்க. எவன் எதை நீட்டினாலும் வாங்கிக்குவா. எவன் எங்க கூப்பிட்டாலும் போவா. பெண் பிள்ளை டாக்டர். பதினாறு வயசு."

மாரிக்கனி மடியிலிருந்த மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எடுத்துருங்க" என்றாள் மாரிக்கனி. "இப்பமே எடுத்துருங்க."

ஜெபசிங் நெற்றியைத் தேய்த்தார். "உங்களால கேக்க முடியாதும்மா. அரசு விதிமுறையில பதினாலாம் பிரிவு. பிள்ளைங்களை வச்சு மாத்திரை வித்துப் பிழைக்கற பெத்தவங்க சில பேர், துகளை எடுத்துட்டுத் திரும்ப வேலைக்கு இழுத்துருவாங்கன்னு போட்ட பாதுகாப்பு அது. பிள்ளை தன் வாயால சொன்னாத்தான் எடுக்கலாம். பதிவுல இருக்கணும். இல்லாம எடுத்தா என் உரிமம் போயிடும். இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் எடுக்கணும்னு சொன்னதில்ல. அதையே சிகிச்சை பிடிச்சிருக்குங்கிறதுக்குச் சான்றா..."

சொல்லி முடிக்கவில்லை. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலும்.

மாரிக்கனி மகளின் முகத்தை இரு கையாலும் பிடித்துத் திருப்பினாள். "ஏட்டி, எடுக்கணும்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்த. எடுக்கணும்."

"எடுக்க..." என்றாள் இலக்கியா. அவ்வளவுதான். புருவத்துக்கு நடுவே ஒரு சுருக்கம் விழுந்தது. யாரோ உள்ளிருந்து துணியால் துடைத்தாற்போல் அந்தச் சுருக்கம் அழிந்தது. தொடங்கிய சொல் என்னவென்பதே மறந்த முகத்தோடு அம்மாவைப் பார்த்தாள்.

"எடுக்கணும். சொல்லு மக்கா."

"எடுக்க..."

"ணும்! ணும்! ஒனக்கு வாயில என்ன கேடு? கடிச்சியே, அந்த வாய்தான? சொல்லுட்டி!"

"போதும்மா" என்றார் ஆவுடைச்செல்வி. "அவளால முடியாது. பூட்டினவன் சாவியைப் பூட்டுக்குள்ளேயே வச்சுட்டுப் போயிட்டான்."

இலக்கியா அவர் பக்கம் திரும்பினாள். அந்த அறைக்குள் வந்தபின் அவளாக வாய் திறந்தது அதுதான் முதல் முறை. எதிர்பார்ப்பும் ஏக்கமும் இல்லாத தட்டைக் குரலில், மணி என்ன என்று விசாரிப்பதுபோல் சொன்னாள்:

"இத எப்ப எடுப்பீங்க?"

ஜெபசிங் கையை விரித்தார். "தினமும் இதையேதான் கேப்பா மேடம். முகப்புல பாருங்க, 'தகவல் வினா'ன்னு வகைப்படுத்தியிருக்கோம். கேள்வி கேக்கற மூலை வேற. தணிப்பி அதைத் தொடறதில்ல. பஸ் எப்ப வரும்னு கேக்கற மாதிரிதான். கோரிக்கை இல்ல."

"பஸ் எப்ப வரும்னு கேக்கறவ பஸ்ஸுல ஏறத்தான் நிக்கிறா டாக்டர்."

ஆவுடைச்செல்வி மேசைமேலிருந்த இலக்கியாவின் கோப்பை எடுத்துப் புரட்டினார். முப்பத்தெட்டாம் நாள்: *காதுக்குப் பின்னாடி இருக்கே, அத எப்ப எடுப்பீங்க?* பதில்: *சாப்பிட்டாயா, இலக்கியா?* ஐம்பதாம் நாள்: *இத எப்ப எடுப்பீங்க?* எழுபத்திரண்டாம் நாள்: *இத எடுத்தா வலிக்குமா? எப்ப எடுப்பீங்க?* பதில்: *நன்றாகத் தூங்கினாயா?* பக்கத்தை நாவால் தொட்ட விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்தொரு நாள் அந்தப் பெண், வீடு பற்றி எரிந்தபின் மிஞ்சிய ஒரே சன்னலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். கீழே நின்றவர்கள் அதைத் தகவல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவர் தம் மூன்று வாரத்தையும் நினைத்தார். இந்த வரிகளை அவரும்தான் படித்தார். 'ணும்' இல்லை என்று பார்த்தாரே ஒழிய, இருந்த வினாக்குறியைப் பார்க்கவில்லை. 'பின்னாடி' பேச்சு வழக்கு என்று ஓர் இடத்தில் ஓரக்குறிப்புக்கூட எழுதியிருந்தார்.

"பதினாலாம் பிரிவைப் படிங்க" என்றார்.

"மேடம், அது..."

"படிங்க."

ஜெபசிங் படித்தார்: "'நோயாளி தாமே கேட்டால், கேட்ட நாளிலேயே துகள் நீக்கப்பட வேண்டும்.'"

"'கோரினால்'னு இருக்கா?"

"இல்ல."

"'விண்ணப்பித்தால்'?"

"இல்ல. 'கேட்டால்'. ஆனா ஆங்கிலத்துல 'ரிக்வெஸ்ட்'னுதான் இருக்கு. அதுக்குக் கோரிக்கைன்னுதான் அர்த்தம்."

"ரெண்டு படிக்கும் முரண் வந்தா தமிழ்ப் படியே செல்லும்னு இரண்டாம் பிரிவு சொல்லுது. அந்த வரியை எழுதினவ நான். 'கேட்டால்' பொருள் மயக்கம் தரும் சொல், மாத்துங்கன்னு அப்போ கொட்டை எழுத்துல குறிப்பு எழுதினேன். யாரும் மாத்தல. இன்னிக்கு அதுக்காக முதல் தடவையா ஒரு சோம்பேறிக்கு நன்றி சொல்றேன். தமிழ்ல கேக்கிறதுன்னா வேண்டிக் கேக்கிறதும்தான், வினவிக் கேக்கிறதும்தான். இந்தப் பிள்ளை நூத்தி நாப்பத்தொரு தடவை கேட்டிருக்கு டாக்டர். பிள்ளை கேட்டுது. உங்களுக்குத்தான் கேக்கல."

"கம்பெனி ஒத்துக்காது."

"கம்பெனிக்கு என் கையெழுத்து வேணும். அது இல்லாம உங்க தொண்ணூத்தெட்டே முக்காலோ மூணோ, இந்த அறையை விட்டுப் போகாது. 'கேட்டால்' என்பதற்கு வினவுதல் எனவும் பொருள். இப்பிரிவின்கீழ் நோயாளி உரிய முறையில் கேட்டுள்ளார். இப்படி எழுதி முத்திரை வச்சுத் தரேன். உரிமம் போனா என்மேல போடுங்க வழக்கை. ஓய்வு பெற இன்னும் ஏழு மாசம் இருக்கு. நீதிமன்றத்துக்கு நடக்க எனக்குக் கால் இருக்கு."

அவர் எழுதினார். ஒரு சொல்லும் அடித்தல் திருத்தல் இன்றி, முத்திரை சாயாமல், தாளின் நடுவே வைத்தார். ஜெபசிங் தாளை இருமுறை படித்தார். பின் இலக்கியாவின் முகத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"நூத்தியெழுபத்தொன்பதாம் நாள். எலும்பு பாதிக்கு மேல பிடிச்சிருக்கும். ஆனா வரும்" என்றார். "வாம்மா."

அவள் எழுந்து போனாள். வா என்றால் வருவாள்.

வேலை ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. காதுக்குப் பின்னால் கட்டோடு இலக்கியாவை ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். மாரிக்கனி தலைமாட்டில் நின்றாள். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பகலுணவு மணி அடித்தது. ஒலிபெருக்கி "சாப்பிடுங்க" என்றது. இலக்கியாவின் கை நகரவில்லை.

பிறகு கால் விரல்கள் ஆடத் தொடங்கின. பல் கிட்டியது. ஐந்து மாதமாய் அணைத்து வைத்த அத்தனையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வருவதுபோல் உடம்பு முறுக்கிக்கொண்டது.

"மாத்திர வேணும்" என்றாள்.

மாரிக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு மாத்திர வேணும்! குடுங்கடி! குடுக்கணும்! வீட்டுக்குப் போகணும்! பசிக்கி! இவன என்னமாவது செய்யணும்!" ஜெபசிங்கின் சட்டையை எட்டிப் பிடித்தாள்; பொத்தான் தெறித்தது. ஆறு மாத அமைதியில் பழகிய அந்தக் கட்டடத்தில் அவள் குரல் தகரக் கூரையில் கல் விழுந்தாற்போல் கேட்டது. தாழ்வாரத்தில் போன பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா மேடம்?" ஜெபசிங் சட்டையை விடுவித்துக்கொண்டு, கிட்டத்தட்டக் கெஞ்சும் குரலில் கேட்டார். "நூத்தியெழுபத்தொன்பது நாள் உழைப்பு. போச்சு. மறுபடியும் முதல்லேருந்து. இவ தேறுவான்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றார் ஆவுடைச்செல்வி. "பாதிப் பேர் தேறமாட்டாங்கன்னு உங்க அறிக்கையே சொல்லுது. இவ எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது."

மாரிக்கனி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மகளின் உதட்டில் வைத்தாள். "குடி மக்கா. ஒரு வாய் குடி."

"எனக்கு வேண்டாம், போ!" இலக்கியா தம்ளரைத் தட்டிவிட்டாள். தண்ணீர் மாரிக்கனியின் காக்கிச் சட்டை முழுவதும் சிதறியது. தம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று.

மாரிக்கனி முகத்தைத் துடைக்கவில்லை. "என்ன சொன்ன?" என்றாள்.

"வேண்டாம்னு சொன்னேன்! ஒனக்குக் காது கேக்காதா? ஒன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல, போம்மா!"

"போறேன்" என்றாள் மாரிக்கனி. போகவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தழும்பிருந்த கையாலேயே மகளின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "திட்டு. இன்னும் நாலு திட்டு. நல்லா வாய் நிறையத் திட்டு."

ஜெபசிங் கோப்பைக் கையில் எடுத்தார். முடிவு என்ற கட்டத்தில் இரண்டே சொற்கள் அச்சாகியிருந்தன: வெற்றி, தோல்வி. ஒன்றை அடிக்க வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதை அடிக்க மேடம்?"

"வெற்றியை அடிங்க. எட்டாவது தோல்வி. விழுக்காடு தொண்ணூத்தெட்டே பத்துல ஒண்ணாகுது, அதையும் திருத்துங்க." ஆவுடைச்செல்வி மேசையின் மேலிருந்த மற்றக் கோப்புகளைத் தம் பக்கம் இழுத்தார். நூற்றெண்பது நாளைக் கடந்த இருநூற்று மூன்று கோப்புகளைப் பிரித்து ஒதுக்கி வைத்தார். அவற்றைத் தொட்ட கையை ஒரு நொடி புடவையில் துடைத்தார். அந்த அடுக்கின் மேல் எந்தப் பிரிவும் எந்தச் சொல்லும் செல்லுபடியாகாது. மீதம் இருநூற்றெட்டு. முதல் கோப்பைத் திறந்தார். காயல்பட்டினத்துப் பையன், பதினைந்து வயது, நூற்று எழுபத்தெட்டாம் நாள். 'ணும்' இல்லாத வெறும் பக்கங்களில், வினாக்குறிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். எட்டாம் பக்கத்தில் இருந்தது: *காதுல இருக்கது எப்ப போவும்?* ஒன்பதாம் பக்கத்தில் மறுபடியும். பத்திலும் இருந்தது.

அவர் தலை நிமிராமல் சொன்னார்:

"கையைக் கழுவிட்டு வாங்க டாக்டர். வெளிச்சம் இன்னும் நாலு மணி நேரம் இருக்கு."